ஞாயித்துக்கு மறுநாள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காரு தாயி. அந்த ஓரத்துல வெயில் அடிக்கும். அதுவும் போக, டிரைவர் பாட்டைப் போட்டுட்டான்னா நான் பேசுறது உனக்குக் கேட்காது. ஸ்பீக்கரை மாட்டியிருக்கிற லட்சணத்தைப் பாரு, வாய் கூரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. பாட்டு கூரைக்கா பாடுது? நான் மாட்டியிருந்தா... சரி, அதை விடு. நான் பேச வந்தது உன் மடியில இருக்கிற புத்தகத்தைப் பத்தி.

'மேலே ஓர் ஊராட்சி.' அதானே? அதை எழுதினது எங்க வீட்டுக்காரி.

சிரிக்காதே. அட்டையில பேரு போட்டிருக்கு பாரு, பேச்சியம்மாள்னு. அந்தப் பேச்சி எங்க பேச்சிதான். இப்பக்கூட வீட்டுல உட்கார்ந்து ஏதோ எழுதிக்கிட்டுத்தான் இருப்பா. அவ எழுதின புத்தகத்தை வேற ஒருத்தர் எழுதினார்னு ஊர் பூரா மைக் போட்டுச் சொன்னவன் ஒருத்தன் இருக்கான். அது நான்தான். தப்புன்னு சொல்ல முடியாது. எனக்குக் கிடைச்ச தகவலை நான் சொன்னேன். மைக்காரன் வேலை அது.

பூரணம் சவுண்ட் சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பே. இல்லையா? எந்த ஊரு உனக்கு? சரி, பரவாயில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவாங்க. படிப்பு மூணாம் கிளாஸோட போச்சு. ஆனா காது இருக்கே, அது சாமி குடுத்தது. ஆம்ப்ளிஃபையர் லேசா இரைஞ்சா நாலு தெரு தள்ளி டீ குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். எங்க ஊர்ல என் காதுக்குத் தப்பி ஒண்ணு நடந்தது கிடையாது.

எங்க வீட்டுக்காரி எனக்கு நேர் எதிர். பேருதான் பேச்சி, பேச்சே கிடையாது. கல்யாணமான புதுசுல எங்க அம்மா பயந்தே போனா, பொண்ணு ஊமையோன்னு. நான் ஒண்ணு கேட்பேன். அவ வாயைத் திறப்பா. அதுக்குள்ள பதிலையும் நானே சொல்லி முடிச்சிடுவேன். அவளுக்கும் வேலை மிச்சம். ஐம்பது வருசத்துக்கு மேல இப்படித்தான் ஒத்துமையா ஓடுது.

அதுல ஒரு விசேஷம் இருக்கு. எங்க பக்கத்துப் பொம்பளைக அந்தக் காலத்துல புருசன் பேரைச் சொல்ல மாட்டாக, தெரியுமில்ல? கந்தன்னு பேரு இருந்தா, கந்தல் துணியைக் கூட கிழிஞ்ச துணின்னுதான் சொல்வாக. பேச்சி அதுக்கும் மேல. என் பேரு பூரணச்சந்திரன். அதனால கொழுக்கட்டைக்குள்ள வைக்கிற பூரணத்தை அவ பூரணம்னு சொல்ல மாட்டா. 'உள்ள வைக்கிறது'ம்பா. சந்திரனைச் சந்திரன்னு சொல்ல மாட்டா. சரி, நிலான்னு சொல்லலாம்ல? அதையும் சொல்ல மாட்டா. நான் கேட்டேன், "ஏன் பிள்ளே, நிலா என் பேரு இல்லையே?"

"அர்த்தம் நீங்கதான"ன்னா.

எப்படி! ஊர்ல மத்தவளுக பேரை மட்டுந்தான் சொல்ல மாட்டாளுக. எங்க வீட்டுக்காரி அர்த்தத்தையும் சொல்ல மாட்டா. திங்கள்னா சந்திரனாமே, எட்டாம் கிளாஸ்ல படிச்சிருக்கா. அன்னையிலிருந்து வாரத்துல அந்தக் கிழமையே கிடையாது எங்க வீட்டுல. 'ஞாயித்துக்கு மறுநாள்.' அவ்வளவுதான். பால்காரன் முதல்ல முழிச்சான், பிறகு பழகிட்டான்.

என்ன, என்னமோ சொல்ல வந்தியா? இரு இரு, இந்த இடம் முக்கியம்.

மனுசன் சந்திரன்ல போய்க் கால் வச்ச சமயம். டீக்கடையில, சலூன்ல, எங்க பார்த்தாலும் அதே பேச்சு. நான் கொடைச் சீசன்ல ஊர் ஊராப் போயிடுவேன். திரும்பி வந்து பார்த்தா இவ எழுதிக்கிட்டு இருப்பா. கட்சிக் கூட்டத்து நோட்டீஸு மிச்சம் நம்ம வீட்டுல கட்டுக் கட்டா கிடக்கும், அதுக்குப் பின்பக்கம் எழுதுவா. நான் என்ன நினைப்பேன்? ஸ்ரீராமஜெயம் எழுதுறான்னு நினைச்சேன். நம்ம பக்கத்துப் பொம்பளைக லட்சம், கோடின்னு வேண்டிக்கிட்டு எழுதுவாகள்ல? "எழுது பிள்ளே, எழுது. எனக்கும் சேர்த்து எழுது"ன்னு சொல்லிட்டுப் படுத்துத் தூங்கிடுவேன்.

"உங்களைச் சேர்த்துத்தான் எழுதுறேன்"ன்னு சொல்வா. எவ்வளவு பாசம் பாரு.

ஒருநாள் அதையெல்லாம் சேர்த்துக் கட்டி, "அச்சாபீஸுக்குத்தான போறீக, இதையும் அங்க குடுத்துருங்க"ன்னா. அந்த அச்சாபீஸ்காரர் பக்திப் புத்தகமும் போடுவார். சரி, புண்ணியம்னு தோள்ல தொங்கவிட்டுச் சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்தேன். குடுத்தவன் நான்தான் தாயி! அந்தப் புத்தகத்தைத் தூக்கிச் சுமந்தது இந்தத் தோளு. அதை எந்தப் பேப்பர்லயும் போட மாட்டேங்கிறான்.

புத்தகம் வந்திருக்கு. எழுதியவர் 'வாயில்லாப்பூச்சி'ன்னு போட்டு வந்திருக்கு. கொஞ்சம் பேர் வாங்கியிருக்காங்க, மிச்சத்தை அச்சாபீஸ்காரர் நூலகங்களுக்குத் தள்ளிட்டார். அங்க இருக்கிற ஆள் தலைப்பைப் பார்த்திருக்கான். 'மேலே ஓர் ஊராட்சி.' ஊராட்சின்னு இருக்குல்ல? கொண்டுபோய் ஊராட்சி நிர்வாகம், வீட்டு வரி, குடிநீர்க் குழாய்ச் சட்டம், இதுகளோட அடுக்கிட்டான். அந்த அலமாரியை எவன் தொடுவான்? கரையானே தொடலையாம். அப்படியே நாம மறந்து, ஊரு மறந்து, அச்சாபீஸ்காரரும் போய்ச் சேர்ந்துட்டார்.

இப்ப ரெண்டு வருசத்துக்கு முன்னால ஜெபக்கனின்னு ஒரு மேடம் வந்தாங்க. காலேஜ்ல பாடம் நடத்துறவங்க. அவங்க மாமனார் வீட்டுக்குக் கூடுதலா வரி போட்டுட்டாங்கன்னு சட்டம் பார்க்கிறதுக்காக நூலகத்துல அந்த அலமாரியைத் திறந்திருக்காங்க. வரிச் சட்டம்னு இதை எடுத்து, நின்ன வாக்குல படிக்க ஆரம்பிச்சு, சிரிச்ச சிரிப்புல நூலகர் எந்திரிச்சு வந்து "அம்மா, வரிச் சட்டத்துல அப்படி என்ன இருக்கு?"ன்னு கேட்டாராம். உள்ள எங்க ஊரு அச்சாபீஸ் பேரு. நேரா கிளம்பி வந்துட்டாங்க. யாரு இந்த வாயில்லாப்பூச்சின்னு கேட்டா, ஊர்ல எல்லாரும் என்னைக் கை காட்டியிருக்காங்க. விவரம் தெரிஞ்ச ஆளு நான்தானே.

"ஒரு பக்கம் படிங்க மேடம், காதால கேட்டாலே ஆளைச் சொல்லிடுவேன்"னேன்.

படிச்சாங்க. அடடா! மேல அந்த ஊர்ல மொத மொதல்ல ஒரு ஊராட்சி வைக்கிறாங்க. குடிக்கத் தண்ணி கிடையாது, ஆனா தண்ணித் தொட்டிக்கு அடிக்கல் நாட்டு விழா. விழான்னா மைக் வேண்டாமா? கீழேயிருந்து ஒரு மைக்காரரை ராக்கெட்ல ஏத்திக் கொண்டு போறாங்க. அவர் குழாயெல்லாம் கட்டி, மைக்கை மூணு தட்டு தட்டி, "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்"ங்கிறார். சத்தமே வரலை. ஏன்னா அங்க காத்து கிடையாது! காத்து இல்லாத இடத்துல சத்தம் எப்படிப் போகும்? ஆனா அவர் ஒத்துக்குவாரா? "சவுண்டு எப்படி, கணீர்னு இருக்கா?"ன்னு சைகையில கேட்கிறார். கேட்கலைன்னு சொன்னா நாமதான் செவிடுன்னு ஆயிடுமேன்னு ஒவ்வொருத்தனும் தலையை ஆட்டுறான். தலைவர் பொழுது சாயிற வரைக்கும் பேசுறார். அங்க பொழுது சாய பதினாலு நாள் ஆகுமாம்! எல்லாரும் கை தட்டுறாங்க. கை தட்டுற சத்தமும் கேட்கலை. அன்னையிலிருந்து அந்த ஊராட்சியில ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு. "மேடம், இந்த மைக்காரன் யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்ல வெற்றி சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கிற சங்கிலிதான்!"

அச்சு அசல் அவன்தான் தாயி. மைக்கைத் தட்டுவான். நானும் தட்டுவேன், எந்த மைக்காரன் தட்ட மாட்டான்? ஆனா நான் தட்டுறது டெஸ்டிங்குக்கு, அவன் தட்டுறது பந்தாவுக்கு. வாயில கிராம்பு போட்டுக்குவாராம் புத்தகத்துல வர்ற ஆளு. இந்தா, என்கிட்டயும் இருக்கு, ஒண்ணு எடுத்துக்க, தொண்டைக்கு நல்லது. கழுத்துல டார்ச் லைட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுவாராம். இது தொழிலுக்குத் தேவை, இதை வச்சுச் சொல்ல முடியாது. அடுத்தவனைப் பேச விட மாட்டாராம். அங்கதான் சங்கிலி மாட்டிக்கிட்டான்.

மேடத்துக்கு ஒரே சந்தேகம். "எல்லாருக்கும் வேடிக்கையா பேரு வச்ச எழுத்தாளர், இவருக்கு மட்டும் பேரே வைக்கலையே ஐயா. புத்தகம் பூரா 'அவுக, அவுக'ன்னுதான் வருது."

"மறந்திருப்பார்"னேன்.

"அது மட்டும் இல்லை. கதை நடக்கிறதே நிலாவுல. ஆனா நிலான்னோ சந்திரன்னோ ஒரு இடத்துல கூட வரலை. 'மேலே இருக்கிறது'ன்னே எழுதியிருக்கார். வாரத்துல திங்கட்கிழமையும் இல்லை. இது ஏதோ பெரிய உத்தி. ஆழமான ஆளு எழுதினது."

ஆழமான ஆளுன்னதும் எனக்குப் பளிச்சுன்னு ஆயிடுச்சு. எங்க ஊர்ல ஆழமானவர் ஒருத்தர்தான், தமிழய்யா உலகநாதன். கேட்டதுக்கு உடனே பதில் சொல்ல மாட்டார், அவ்வளவு ஆழம். காது சுத்தமாக் கேட்காது, பாவம், கோயிலுக்கு நான் குழாய் கட்டுற கம்பம் அவர் வீட்டு வாசல்ல. கூட்டிக்கிட்டுப் போய், "ஐயா, அந்தப் புத்தகத்தை எழுதினது நீங்கதானே?"ன்னு கத்தினேன்.

"ஆமா ஆமா, ரெண்டு போதும், சட்னி தனியா வைக்கச் சொல்லு"ன்னார்.

ஆமான்னுட்டாரா இல்லையா? பெரியவங்க தன்னடக்கத்துல பேச்சை மாத்துவாங்க. மேடம் கொஞ்சம் யோசிச்சாங்க. நான் யோசிக்க விடலை. ஆட்டோவுல மைக்கைக் கட்டி, "நமது மண்ணின் மைந்தர், வாயில்லாப்பூச்சி என்ற புனைபெயரில் விண்ணை அளந்த எழுத்தாளர், தமிழய்யா உலகநாதன் அவர்களுக்குப் பாராட்டு விழா, அனைவரும் வருக"ன்னு தெருத் தெருவா போய்ட்டு வந்தேன். புத்தகத்தை அவர் பேர்லயே புதுசா அச்சடிக்கப் போறாங்கன்னும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தா பேச்சி வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. கத்தி நின்னிருந்தது.

"அப்ப புத்தகத்துல அவரு பேரா போடுவாக?"ன்னு கேட்டா.

"பின்னே, உன் பேரையா போடுவாக?"ன்னேன்.

அவ மறுபடி நறுக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி வந்தது. வெங்காயம். அன்னைக்கு ரசத்துல உப்பு இல்லை, அதை மட்டும் நான் கவனிச்சேன். என் காது மாதிரியே நாக்கும் கூர்மை.

பிறகு எல்லாம் முடிஞ்சப்புறம் கேட்டேன், "ஏன் பிள்ளே, அப்பவே நான்தான் எழுதினேன்னு சொல்ல வேண்டியதுதானே?" அவ சொன்னா, "ஊர் பூரா மைக்ல சொல்லிட்டு வந்து நிக்கிறீக. அவரு இல்லைன்னு நான் சொன்னா, உங்க மைக்குக்கு என்ன மரியாதை?"

பார்த்தியா? என் மைக்குக்கு அவ மரியாதை பார்த்திருக்கா. அவ பேரு போனாப் போகுதுன்னு இருந்திருக்கா. நான் மட்டும் இதைக் கேட்டப்ப... சரி, டிரைவர் பிரேக் போடுறான், கம்பியைப் பிடிச்சுக்க.

விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மேடம் வந்தாங்க, எங்கிட்ட ஏற்பாடு பேச. என்ன தோணுச்சோ, பேச்சி அன்னைக்குக் கொழுக்கட்டை அவிச்சா. பிள்ளையார் சதுர்த்தி கூட இல்லை. வீட்டுல தேங்காயும் இல்லை, பக்கத்து வீட்டுல போய் வாங்கிட்டு வந்து அவிச்சா. யதார்த்தமா நடந்ததுதான். தட்டுல வச்சுக் குடுத்துட்டு, அவங்க எதிர்லயே உட்கார்ந்துக்கிட்டா. விருந்தாளி முன்னால உட்காரவே மாட்டா.

மேடம் ஒரு கடி கடிச்சாங்க. "ரொம்ப நல்லா இருக்கும்மா. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"உள்ள வைக்கிறதுதான்"னா பேச்சி.

"தேங்காய்ப் பூரணமா?"

"அதான். உள்ள வைக்கிறது."

மேடம் மெல்லுறதை நிறுத்திட்டாங்க. தாயி, நீ படிச்ச வரைக்கும் வந்துச்சா? புத்தகத்துல மேல இருக்கிற ஊர்ல கொழுக்கட்டை அவிக்கிற இடம் ஒண்ணு வரும். அங்கயும் 'உள்ளே வைக்கிறது'ன்னுதான் எழுதியிருக்கும். மேடம் பேச்சி முகத்தையே பார்த்தாங்க. மெதுவா கேட்டாங்க. "அம்மா, விழா என்ன கிழமை?"

"ஞாயித்துக்கு மறுநாள்."

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "ஐயா, உங்களை எல்லாரும் பூரணம் அண்ணாச்சின்னு கூப்பிடுறாங்க. முழுப் பேரு என்ன?"

"எம். பூரணச்சந்திரன், புரொப்ரைட்டர்"னேன்.

அவ்வளவுதான். கையில இருந்த கொழுக்கட்டையைத் தட்டுல வச்சுட்டு அந்தப் பொண்ணு சிரிச்சுது பாரு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட. எந்திரிச்சுப் போய்ப் பேச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. பேச்சியும் அழறா, சிரிக்கிறா. நான் நடுவுல உட்கார்ந்து, "என் பேருல அப்படி என்ன சிரிப்பு இருக்கு?"ன்னு கேட்கிறேன். பிறகுதான் விவரம் சொன்னாங்க. என் பேரைச் சொல்லாம இருந்தே ஒரு புத்தகம் எழுதியிருக்கான்னா, ஒவ்வொரு பக்கத்துலயும் நான் இருக்கேன்னுதானே அர்த்தம்! அப்படிச் சொன்னேன். மேடம், "ஆமா ஐயா, ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

தமிழய்யாகிட்ட எழுதிக் காட்டினோம். "நான் எழுதலைன்னு எனக்குத் தெரியுமே. நீ இட்லி வேணுமான்னுதானே கேட்டே?"ன்னார். நல்ல மனுசன்.

விழாவுக்குப் பிரமாதமா குழாய் கட்டியிருந்தேன். இவ பேசப் போறாள்ல! மூணு தட்டு தட்டி மைக்கை அவ கையில குடுத்தேன். அவ அதை வாங்கி, மேஜை மேல படுக்க வச்சிட்டா. "எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க"ன்னா. சனம் நாற்காலியை இழுத்துக்கிட்டு முன்னால போயிடுச்சு. ரொம்ப நேரம் பேசினாளாம். காத்து இல்லாத ஊர்ல பேச்சு நிக்காது, எழுத்து நிக்கும், மண்ணுல விரலால எழுதினா அழியாதுன்னு புத்தகக் கடைசியில வருமே, அதைப் பத்தி என்னமோ அருமையா சொன்னாளாம். கேட்டவங்க சொன்னாங்க. எனக்குக் கேட்கலை, நான் ஆம்ப்ளிஃபையர்கிட்ட இருந்தேன். சத்தம் வரலையே, எங்கயோ லூஸ் கனெக்ஷன்னு வயரை ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியில கேள்வி கேட்கலாம்னாங்க. இந்தச் சங்கிலிப் பயல் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தான். எந்திரிச்சான். "மதினி, அந்த மைக்காரர் யாரு? அது இந்தச் சங்கிலிதான்னு உங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு."

பேச்சி ஒரே வார்த்தைதான் சொன்னா. "அவுக."

மண்டபம் இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. என்ன சாமர்த்தியம் பாரு! புத்தகத்துல அந்த ஆளுக்கு 'அவுக'ன்னுதானே பேரு, அதையே சொல்லி நழுவிட்டா. சங்கிலி மனசு நோகக் கூடாதுன்னு. அவன் என்னடான்னா எல்லாரையும் விடக் கூடுதலாச் சிரிக்கிறான், என்னைப் பார்த்துப் பார்த்து. வெட்கம் கெட்ட பயல்.

என்ன தாயி, ரொம்ப நேரமா கையைத் தூக்குறே? கழுகுமலையா? கழுகுமலையிலயா இறங்கணும்? அடப்பாவமே, அது போய் எவ்வளவு நேரமாச்சு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீயும் எங்க பேச்சி மாதிரியே இருக்கியே. சரி, கோவில்பட்டியில இறங்கி எதிர் வண்டி பிடிச்சுக்கலாம், நானே ஏத்தி விடுறேன். இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, அதையும் கேட்டுக்க.

புத்தகம் அச்சுக்குப் போற சமயம் பதிப்பகத்துல இருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஒருத்தர் ஆசிரியர் குறிப்பு எழுத, ஒருத்தர் அட்டைப் படம் வரைய. எழுதுறவர், "கணவர் பெயர்?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில முதல் தடவையா அவ என்னைக் கை காட்டி நிறுத்தினா. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னா, "அட்டையைப் பார்க்கவும்னு எழுதிக்கங்க."

திருப்பிப் பாரு, பின்னட்டையில கடைசி வரி. படி. 'கணவர் பெயர்: அட்டையைப் பார்க்கவும்.' படிச்சியா? இப்ப முன்பக்கம் திருப்பு. முழு நிலா! பூரணச் சந்திரன்! எவ புருசனுக்குக் கிடைச்சிருக்கு இந்த மரியாதை?

நிலாவுக்கு முகம் போட்டு, காது மாதிரி ரெண்டு பக்கமும் குழாய் வச்சிருக்கான், அது நம்ம தொழில். அந்த வாய்தான் ஏன் அவ்வளவு பெருசா இருக்குன்னு பார்க்கிறவன் எல்லாம் கேட்கிறான். படம் போட வந்தவர் முதல்ல சின்னதாத்தான் போட்டிருந்தார், அழகா, மூடின மாதிரி. நான் அவர்கிட்ட குழாயை எந்தத் திசையில கட்டணும்னு விளக்கமா சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் பேச்சி நின்னா. படத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம் அவர் கையிலிருந்த பென்சிலை மெதுவா வாங்கி, குனிஞ்சு, அந்த வாயைத் திறந்துவிட்டா.